பண்டிகைக்குத் தைத்த வெள்ளைச் சட்டைகள்

“பனையேறிக்க மவளக் கூப்பிட்டு நாற்காலியில இருத்தி டீச்சராக்குவாவளா துரைசாணி? நீயும் அத நம்பிக்கிட்டு இருக்கியாட்டி?”

என் அண்ணன் மனைவி இதைக் கேட்டது அடுப்படியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது. மைனி என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கிண்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பனும் அண்ணனும் பனை ஏறுகிறவர்கள். அம்மை கருப்பட்டி விற்கிறவள். மிஷன் பள்ளியில் தங்கிப் படித்து, ஏழாம் வகுப்பு தேறி, இங்கிலீஷ் புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிற பெண் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கொஞ்சம் அதிகமாகவே காட்டிக்கொண்டேன் என்று மைனி சொல்வாள்.

பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த அம்மாள் கல்யாணமாகிக் குழித்துறைப் பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு நான் கேட்டிருந்தேன். பள்ளியை நடத்துகிற வெள்ளைக்கார அம்மாளான துரைசாணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் பாடப்போகிற சின்னப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி சட்டை தைத்துக் கொடு, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். வெள்ளைத் துணியும் கொடுத்தார்.

மாதிரிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பங்களாவின் பின்னறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, முன்பு இருந்த துரையின் பிள்ளைகள் போட்ட பழைய உடுப்புகள் அதில் கிடக்கின்றன, திறந்து பார் என்றார். அவர் ஊருக்குப் புதிது. பிள்ளைகள் இல்லாதவர். அந்தப் பெட்டியை அவரே திறந்து பார்த்ததில்லை.

மேலே கிடந்தது ஒரு தவிட்டு நிறக் கம்பளிக் கவுன். கழுத்துவரை கறுப்புப் பொத்தான். தூக்கிப் பார்த்தால் நெல்மூட்டைச் சாக்குப் போலக் கனத்தது. அதற்கு அடியில், பழைய துணி சுற்றி, ஒரு வெள்ளைச் சட்டை. மெல்லிய மல் துணி. கை கிடையாது, தோளில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை. இடுப்பிலிருந்து சுருக்கு வைத்து இறங்கி, அடியில் வரிவரியாக நுண்ணிய மடிப்புகள். அதற்கும் கீழே ஒரு சாண் அகலத்துக்கு, நூலால் பூப்பூவாகப் பின்னிய ரேந்தை. நான் ரேந்தை பின்னத் தெரிந்தவள். தலையணையில் நூல்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்த அகலத்துக்கு ஒரு முழம் பின்னுவதற்குள் முதுகு ஒடிந்துபோகும். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். கம்பளி, வாரநாளுக்கு. வெள்ளை, கோயிலுக்கு. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைதான் உடுப்போம். ஞானஸ்நானத்துக்கும் வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை. நிறச்சேலைக்காரி பின்வரிசையில் ஒதுங்கி உட்காருவாள்.

அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, சுருக்கு எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, காகிதத்தில் அளவு வெட்டினேன். பிறகு பிரித்ததைத் தைத்துவிட்டேன். ரேந்தையை அதே அகலத்துக்குப் பின்ன முடியவில்லை. பாதி அகலத்துக்குப் பின்னினேன். பகல் வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து மடிப்புத் தைத்தேன். மைனி கருப்பட்டிப் பாணி காய்ச்சிக் காய்த்துப்போன விரல்களோடு வந்து காஜா எடுத்துக் கொடுத்தாள். “ஒனக்கு வேலை கெடச்சா மொத மாசச் சம்பளத்துல எனக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தரணும்” என்றாள். அவளுடைய மகளும் பாடுகிற பிள்ளைகளில் ஒருத்தி. நாலு வயது.

பண்டிகையன்று கோயிலுக்குள் வாழைக்குலையும் நெற்கதிரும் இளநீரும் குவிந்திருந்தன. காணிக்கையாக வந்த, கால் கட்டிய கோழிகள் ஏலத்துக்காகத் தூணோரம் கிடந்து கொக்கரித்தன. பிள்ளைகள் வரிசையாக முன்னால் வந்து நின்றார்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, கறுத்த தோள், வெள்ளைச் சட்டை, அடியில் ரேந்தை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் போலத் தெரியட்டும் என்று.

முன்பெஞ்சில் துரைசாணியும், சீமையிலிருந்து பார்க்க வந்திருந்த இன்னொரு வெள்ளைக்கார அம்மாளும் இருந்தார்கள். நான் அவர்களுக்கு நேர் பின்னால். பாட்டு தொடங்குவதற்கு முன் அந்த அம்மாள் துரைசாணியின் காதருகே சாய்ந்து, இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஏன் உள்பாவாடையோடு வந்து நிற்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

துரைசாணி நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

கவுனுக்கு உள்ளே போடுவது அது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சாண் ரேந்தையை வைத்துத் தைக்கிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மைனி என் விலாவில் இடித்தாள். “பாத்தியா, சிரிக்காவ. என்னட்டி சொல்லுகாவ?”

பெண்கள் பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் மட்டும். மற்றவர்கள் வெள்ளைக்கார அம்மாள்கள் சிரிப்பதைப் பார்த்து, பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மைனியின் மகள் பாட்டின் நடுவில், தன் சட்டையின் ரேந்தை எல்லாருக்கும் தெரியட்டும் என்று இரண்டு கையாலும் அடியைத் தூக்கிப் பிடித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டேன்.

மறுநாள் துரைசாணி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தையல் மிகச் சுத்தம், என்னால்கூட இப்படி முடியாது என்றார். பிறகு, மாதக் கடைசியில் வேறு விருந்தாளிகள் வருகிறார்கள், பிள்ளைகள் மறுபடியும் பாடுவார்கள், அதற்குள் இந்தச் சட்டைகளுக்கு மேலே போட ஒவ்வொரு கவுன் தைத்துவிடு, அதை முடித்துவிட்டு வேலை விஷயமாக வா என்றார். நீலத்துணி ஒரு கட்டு தந்தார். எஸ், மேடம் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. வழியெல்லாம் முகம் எரிந்தது.

வீட்டில் சொல்லாமல் முடியவில்லை, நீலத்துணி எதற்கென்று மைனி கேட்டாள். சொன்னேன்.

“அப்பம் அன்னைக்கு அவிய சிரிச்சது?”

“அதுக்குத்தான்.”

“நான் பல்லக் காட்டிக்கிட்டுல்லா இருந்தேன்” என்றாள்.

அம்மை உரல் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள்தான் சிரித்தாள். “எனக்க பாட்டிக்க காலத்துல நாம மேல ஒண்ணும் போடப்பிடாதுன்னு பெரிய சாதிக்காரவிய அடிச்சாவளாம். இப்பம் போட்டது காணாது, அதுக்கு மேலயும் ஒண்ணு போடணும்ங்காவ. நம்ம ஒடம்புமேல இவியளுக்கெல்லாம் என்ன ஒரு கவல, பாத்தியளா?”

மைனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அளவெடுக்கப் பிள்ளைகளை வரச் சொன்னேன். தாய்மார்களும் கூடவே வந்தார்கள். விஷயம் அதற்குள் அவர்களுக்கு எட்டியிருந்தது. ஓலை முடைகிற அக்காள் ஒருத்தி தன் மகளை முன்னால் நிறுத்தினாள். பிள்ளை அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தது. துவைத்துக் கஞ்சி போட்டு, மடிப்பு ஒன்றுகூடக் கலையாமல் நீவியிருந்தாள்.

“மோளே, நீ படிச்சவ. நல்லாப் பாத்துச் சொல்லு. இது அசிங்கமாட்டா இருக்கு?”

“இல்ல அக்கா.”

“பின்ன எதுக்கு மூடணும்?”

“அவங்க சிரிச்சாங்கல்லா.”

“அவிய சிரிச்சது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதே. ஒனக்குல்லா தெரிஞ்சுது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் தோள்பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “எனக்க மவளுக்கு இதுதான் மேல்சட்ட. இதுக்கு மேல போட்டா அந்தப் பூவேல யாருக்குத் தெரியும்? அதுக்கா நீ கெடந்து பின்னுன?”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி, நீலம் வேணும்னா விருந்தாளிக்குத் தச்சுக் குடுட்டி என்றாள். எல்லாரும் சிரித்தபடி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்பாவாடையைப் பண்டிகைச் சட்டை என்று நினைத்ததற்கு நான் வெட்கப்பட்டது உண்மை. தெரியாமல் செய்தது அது. ஆனால் அந்தப் பிள்ளை என் முன்னால் நின்றபோது, அதன் மேல் எதையாவது போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைத்தேனே, அது தெரிந்தே நினைத்தது. இரண்டும் ஒரே வெட்கம் இல்லை. இரண்டாவது ஆறமாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை நீலத்துணியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியில் இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே போனதும் பாதி மறந்துவிட்டது. தாய்மார்களுக்கு வேண்டாமாம், எனக்கும் தைக்க மனம் இல்லை, இங்கே அந்த வெள்ளைச் சட்டைதான் கவுன் என்று மட்டும் சொன்னேன். துரைசாணி துணிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பிடிவாதம் சரிப்படாது என்றார். பிறகு, சரி, போ என்றார். தையல் வகுப்புக்கு நெய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை கேள்விப்பட்டேன்.

அன்றும் கோயிலில் முன்வரிசையில் அந்த வெள்ளைச் சட்டைகள் நின்றன. வேலை போய்விட்டது என்பதற்காக வெட்கமும் போய்விடவில்லை. துரைசாணியின் முதுகைப் பார்த்ததும் என் காது சூடாகியது. எத்தனை நாளைக்கு இப்படி என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தோவாளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். அவள் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானமாம். இதே போல ஒரு சட்டை வேண்டுமாம். இது வெள்ளைக்காரப் பிள்ளைகள் கவுனுக்கு உள்ளே போடுவது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவள் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

“அவிய உள்ள போடட்டு. எங்க பிள்ளைக்குக் கழுத்து மட்டும் கொஞ்சம் ஏத்தி வையி” என்றாள் அவள்.

இன்று காலை துணியை நனைத்துக் காயவைத்து, கழுத்தை இரண்டு விரல் ஏற்றி, வெட்டிவிட்டேன்.