வெந்த கட்டை

மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் அகில் எண்ணெய் காய்ச்சுகிற இடத்தில் எனக்கு வேலை. கட்டையை ஊறப்போட்டு, கொப்பரையில் ஏற்றி, ஒரு வாரம் நெருப்பு அணையாமல் பார்க்க வேண்டும். எண்ணெய் அத்தர் செய்கிறவர்களுக்குப் போகும். எண்ணெய் போன வெந்த சக்கை மூலையில் குவியும்.

என் மனைவியும் அங்கேதான் வேலை செய்தாள். சின்ன உளியால் வெள்ளை மரத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, எண்ணெய் பிடித்த கறுப்பை மட்டும் எடுப்பாள். சாயங்காலம் வாசலில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒரு சிம்புத் துண்டுகூட எடுத்தவள் இல்லை.

“நான் செத்தா நெஞ்சு மேல ஒரு துண்டு வைங்க. நல்லதா பாத்து,” என்பாள்.

“மொத நான் போயிட்டா?”

“ஒங்களுக்குச் சக்கை போதும்லா.”

போன வருடம் ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். போய்விட்டாள். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன்.

“மொதலாளி, அவ நெஞ்சுல வைக்க ஒரு துண்டு வேணும்.”

“ஒன்னு என்னப்பா, கை நெறைய கொண்டு போ.”

அவரே உள்ளே போய்ப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்தார். “சாமிக்கு வைக்கிற கட்டை,” என்றார்.

கையில் வாங்கியதும் தெரிந்தது. எண்ணெய் பிடித்த கட்டை கனக்கும்; இதில் கனமே இல்லை. வீட்டில் பிரித்தேன். என் கொப்பரையில் வெந்த சக்கை. மோந்து பார்த்தேன். ஈர மரத்தின் வாசம், அவ்வளவுதான்.

பிணத்தைத் தூக்க ஆட்கள் காத்திருந்தார்கள். வேறு துண்டுக்கு எங்கே போவது?

சுடுகாட்டில் அவள் நெஞ்சின் மேல் வைத்தேன். நல்ல கட்டை சட்டென்று பற்றாது. எண்ணெய் கொதிக்கும், புகை மெல்ல எழும்பும். இது சுள்ளி மாதிரி குப்பென்று பிடித்தது.

அவள் தம்பி மூக்கை உறிஞ்சினான். “என்னா வாசம் மச்சான்! அக்கா குடுத்து வச்சவ!”

சாம்பிராணியும் நெய்யும்தான் மணத்தன.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். முதலாளி வாசலில் நின்றார்.

“கட்டை எப்படிப்பா?”

“நல்லா எரிஞ்சிச்சி, மொதலாளி.”

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

“கொப்பரை காலியா கெடக்கு, போ,” என்றார்.