மரத்த பாதமும் அண்டர்எஸ்டிமேட் என்ற சொல்லும்

நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் தினமும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். விதி இது. மருத்துவமனையில் கொடுத்த தாளைக் கோப்பில் போட்டு, பக்க எண்ணும் இட்டிருந்தேன். காலைத்தான் பார்க்கவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் சூளைப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையுறை இல்லாமல் சூளையை நெருங்கக் கூடாது என்ற நடைமுறைக் குறிப்பை எழுதியவனும் நான்தான். ஆனால் சூடு ஆறாத பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வெறுங்கையால் எடுத்து அடுக்குபவனுக்கே எங்களிடம் மதிப்பு. நானும் அடுக்கியிருக்கிறேன். அதனால் ஓய்வுக்குப் பின் விரல்களும் பாதங்களும் மரத்தபோது, இத்தனை வருடச் சூட்டில் தோல் தடித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். என் பாதம் ஒருநாளும் சூளைக்குள் போனதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் காலை நடை முடிந்து திரும்பினேன். என் மனைவி வளர்மதி கூடத்துத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“என்னங்க, வூடு பூரா ரத்தமா இருக்குது?”

“யாருது?”

“என்னுதா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். உக்காருங்க.”

வழியில் கிடந்த பீங்கான் சில்லு ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மருத்துவர் இளம்பெண். புண்ணைக் கழுவிக் கட்டினார். இரத்தம் எடுத்துச் சோதித்தார். புற நரம்புப் பாதிப்பு (கை கால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார். உடம்பில் பி-12 சத்து மிகக் குறைந்திருந்தது. நான் நெடுநாளாக விழுங்கிய நீரிழிவு மாத்திரை அந்தச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியதாம்.

“நீங்க இத அண்டர்எஸ்டிமேட் பண்ணிட்டீங்க சார்.”

“இல்லீங்க டாக்டர். கொறைச்சு மதிப்பிட்டாத்தான் அது அண்டர்எஸ்டிமேட். நான் மதிப்பிடவே இல்லியே.”

“வெளக்கமெல்லாம் நல்லா சொல்லுவாரு டாக்டரம்மா,” என்றாள் வளர்மதி. “நீங்க ஊசியப் போடுங்க.”

அந்தச் சொல்லை நம்மூரில் தினமும் கேட்கலாம். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுபவர்கூட “என்னை அண்டர்எஸ்டிமேட் பண்ணாதே” என்பார். குறைத்து மதிப்பிடுபவர் எப்போதும் அடுத்தவர். மதிப்பிடப்படுவது எப்போதும் நாம். தன் காலைத் தானே அப்படி மதிப்பிட்டதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரிடம் வாதாடினாலும், வீடு வந்ததும் ஒப்புக்கொண்டேன். “தோல் தடித்துவிட்டது” என்பதும் ஒரு மதிப்பீடுதான். படுமோசமான மதிப்பீடு.

“புண்ணு ஆறிடும். உணர்வு எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது,” என்றிருந்தார் மருத்துவர். திரும்பாவிட்டால் அடுத்த சில்லு விரலையே கொண்டுபோகலாம்.

ஊசிகள் தொடர்ந்தன. தினமும் கண்ணாடி வைத்துப் பாதம் பார்த்தேன். காலையில் எழுந்ததும் கட்டைவிரலைக் கிள்ளி, அலுவலகத்துக்கு நினைவூட்டல் அனுப்புவதுபோலக் காத்திருந்தேன். சூளையை மணிக்கணக்கில் ஓட்டிப் பழகியவனுக்கு நரம்பு மாதக்கணக்கில் பாடம் எடுத்தது. உங்களுக்கும் மரத்திருந்தால் பெருமைப்படாமல் போய்க் காட்டுங்கள். பிறகு பொறுங்கள், உடம்புக்கு அவசரக் கடிதம் கிடையாது.

ஒருநாள் தோட்டத்தில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் சுருக்கென்றது. குனிந்தால் கட்டெறும்பு.

“வளர்மதி, எறும்பு கடிச்சிடுச்சு, வலிக்குது!”

எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தவள் சட்டென்று நின்றாள். “நெசமாவா? எந்தக் காலு?”

“அந்தக் காலுதான். நல்லா வலிக்குது.”

“இருங்க, இன்னொரு எறும்பு புடிச்சாரேன். மத்தக் காலுலயும் பாத்துடலாம்.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கடித்த எறும்பைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு வலி திரும்பிய அந்த நாள், மார்கழி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை.