டிரம் மட்டும் வாசித்த மரியாதை

போன வாரம் தல்லாகுளம் பென்ஷன் ஆபீஸ் வரை போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை தாங்கள் உயிரோடிருப்பதை நேரில் போய்க் காட்ட வேண்டும். வராந்தாவில் ஓர் ஊழியர் அதிகாரியின் பித்தளைப் பெயர்ப்பலகையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வரிசையில் நின்றபடியே 1948-க்குப் போய்விட்டேன். விழா நாட்களில் எங்கள் ஊர் அந்தோணி மாஸ்டரின் பித்தளை பேண்டு செட் இப்படித்தான் மணக்கும்.

1948-இன் தொடக்கம் என்பது நிச்சயம். டைரியில் ‘சனி, மாலை ஐந்து’ என்று எழுதியிருக்கிறேன். தேதியை எப்போதோ மழைத் தண்ணீர் அழித்துவிட்டது. தேதி இல்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் சித்திரை வெயிலில் நடப்பதுபோல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதராசிலிருந்து அயல்நாட்டுத் தூதர் ஒருவர் நம் தறிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வரவேற்புக் குழு அமைத்தார்கள். டைப் அடிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் நான் அதற்குக் குமாஸ்தா. தேநீர், பேச்சு, மாலை எல்லாம் ஒரே நாளில் முடிவாயின. முடிவில் எந்தப் பாட்டு என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனுடைய ராஜ வாழ்த்தும் போயிற்று. நமக்கென்று தேசிய கீதம் இன்னும் சட்டப்படி முடிவாகவில்லை. இரண்டு பாட்டுகள் போட்டியில் இருந்தன.

குழுவில் இருந்த வக்கீலுக்கு, ஊர்வலத்தில் அதில் ஒரு பாட்டைப் பாடியதற்காகத் தடியடி வாங்கிய முதுகு. அதைத்தான் வாசிக்க வேண்டும் என்றார். தோல் வியாபாரி ராவுத்தருக்கு அந்தப் பாட்டில் கும்பிடச் சொல்லும் இடம் தொண்டையில் நின்றது. மற்றதை வாசிக்கலாமே என்றார். இருவரும் ஒரே சிறையில் ஒரே கொட்டடியில் இருந்தவர்கள். அதனால் சண்டையும் சொந்தக்காரர் சண்டைபோல் நீண்டது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு குழுத் தலைவர் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அண்ணே, ஒரு பாட்டும் வேணாம். மறந்தும் பழைய ராஜ வாழ்த்து கேட்டுச்சுன்னா, நாளைக்கு வேற செட்டப் பாத்துக்கிருவோம்.”

மாஸ்டர் பட்டாளத்தில் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதியவர். அரசு விழாக்களை நம்பித்தான் அவர் செட்டில் வாசித்த பதினொரு பேர் வீட்டிலும் உலை கொதித்தது.

விழாவன்று காலை நிகழ்ச்சி நிரலை டைப் அடித்து அவரிடம் நீட்டினேன். படித்தவர் கடைசி வரியில் விரலை வைத்து நின்றார். ‘நிறைவாக, ராஜ வாழ்த்து’ என்று அடித்திருந்தேன். சத்தியமாக நான் நினைத்து அடிக்கவில்லை. எத்தனையோ நிரல்களில் அடித்துப் பழகிய விரல், அதுவாகப் போய்விட்டது. அவசரமாக அந்த வரியைப் பேனாவால் கிறுக்கி மறைத்தேன். அவருக்கு முகமே வெளுத்துவிட்டது.

“தம்பி, படிச்ச ஒங் கையே இப்பிடிப் போகுதுன்னா, எம் பயலுக கை எங்கிட்டுப் போகும்?”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் விழா முடிவுக்கு யாரும் சைகை காட்டுவதில்லை. பிரதம விருந்தாளியின் நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர வேண்டும், அவ்வளவுதான். முதலில் டிரம் உருளும், பிறகு குழல்கள் எல்லாம் சேர்ந்து ராஜ வாழ்த்தைத் தொடங்கும். இருபது வருஷப் பழக்கம். வாசிக்காதே என்று வாயால் சொன்னால் மனசு கேட்கும், உதடு கேட்குமா?

மாலையில் தேநீர் நேரத்து மெட்டுகள் நன்றாகவே நடந்தன. பேச்சுகள் தொடங்கியதும் மாஸ்டர் வரிசையில் மெல்ல நடந்து, ஒவ்வொரு குழலிலிருந்தும் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். துடைக்கத்தான் வாங்குகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். மவுத்பீஸ் இல்லாத குழல் வெறும் பாத்திரம். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

தூதர் பேசி முடித்து உட்கார்ந்தார். நன்றியுரை கேட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பத்துக் குழல்களும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. பத்துக் கன்னங்களும் உப்பின. ‘புஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. ஆனால் டிரம்முக்கு ஏது மவுத்பீஸ்? டிரம் அடிக்கும் முத்து உருட்டத் தொடங்கிவிட்டான். அதே உருட்டு. அடுத்து என்ன வரும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். நான் அடுத்த வேலைக்கு எங்கே மனுப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழல்கள் சேரட்டும் என்று முத்து உருட்டினான், உருட்டினான், உருட்டிக்கொண்டே இருந்தான். தூதர் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி நிமிர்ந்து நின்றார். வக்கீல் எழுந்தார். ராவுத்தர் எழுந்தார். கூடமே எழுந்து நின்றது. மாஸ்டர் கையை உயர்த்தி வெட்டினார். ஓர் அடி. அதன்பின் அமைதி.

தூதர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பல ஊர்களில் மரியாதை ஏற்றிருக்கிறேன், இவ்வளவு கண்ணியமானதைக் கண்டதில்லை என்றார். தலைவர் தாமே யோசித்து வைத்ததுபோல் தலையசைத்தார். வக்கீல் பிறகு என்னிடம், அந்த உருட்டுக்குள் தன் பாட்டு முழுவதும் மனசில் ஓடியது என்றார். சற்றுத் தள்ளி நின்ற ராவுத்தர், தனக்கும் தன் பாட்டு ஓடியது என்றார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பந்தலுக்குப் பின்னால் மாஸ்டர் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை வைக்கக் குனிந்ததில் பையிலிருந்த மவுத்பீஸ்கள் கிணுகிணுத்தன.

“எம்புட்டு நேரம்டா உருட்டுவ?”

“நீங்க ஊதுவீகன்னு பாத்தேன் மாஸ்டர்” என்றான் முத்து.

எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

1950 ஜனவரியில் தேசிய கீதம் முடிவாயிற்று. ஒரே வாரத்தில் மாஸ்டர் செட் முழுவதற்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். இன்று அந்த செட் இல்லை, அந்தக் கூடம் இல்லை. விழாக்களில் யாரோ ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள், சரியான பாட்டு சரியாக வருகிறது. யாரும் மவுத்பீஸைக் கழற்றிப் பையில் போட வேண்டியதில்லை. நல்லதுதான்.

போன வாரம் தல்லாகுளத்தில் என் முறை வந்து அதிகாரியின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஃபைல் எடுக்க அதிகாரி எழுந்தார். பழைய மர நாற்காலி, கிறீச்சென்றது. அடுத்த கணம் நான் கைகளை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன்.

“நீங்க ஏன்யா எந்திரிச்சீங்க? உக்காருங்க” என்றார் அவர்.

ஒரு நிமிஷம் காது கொடுத்துப் பார்த்தேன். டிரம் ஒன்றும் உருளவில்லை. உட்கார்ந்தேன்.