பீர்க்கங்கூட்டில் ஏறிய உப்பு

சாயக்கழிவு நீரை வெயிலைக் கொண்டே தெளியவைக்கும் ஒரு வெண்பொருளை உருவாக்குவதுதான் என் மாணவியின் ஆய்வு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை டைட்டானியக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, உலையில் சுடுவாள். நார் எரிந்துபோகும், அதன் வடிவிலேயே நுண்துளைகள் நிறைந்த டைட்டானியம் டை ஆக்சைடு எஞ்சும். முதலில் சுட்டவற்றை நீலச் சாய நீரில் இட்டு, தூத்துக்குடி வெயிலில், கல்லூரி மொட்டைமாடியில் வைத்தோம். உச்சிப்பொழுதுக்குள் நீலம் வெளிறியது. அதன்பிறகு சுட்டவை எதுவும் வேலை செய்யவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நீலம் மட்டும் அப்படியே நின்றது.

ஆய்வுக்குழு கூடவிருந்தது. காரணம் சொல்ல முடியாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவள் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன நாட்கள் அவை.

அப்படியொரு காலையில் கீழவைப்பாரிலிருந்து அவளுடைய அம்மா பை நிறையப் பீர்க்கங்கூடுகளோடு வந்தார்.

“டீச்சர், வீட்ல இவ ஒரு தட்டக் கழுவ மாட்டா. இங்கன வந்து நாள் முழுக்கக் கழுவுதாளாமே! கூடெல்லாம் நாந்தான் அலசிக் காயப்போடுதேன்.”

கூடுகள் பளிச்சென்றிருந்தன. “எந்தத் தண்ணியில அலசுனீங்க?” என்றேன்.

“எங்க கிணத்துத் தண்ணிதான். குடிக்கிற தண்ணியிலயா அலச முடியும்? ராத்திரி பூரா ஊறப்போட்டுல்லா அலசுதேன்.”

“கரிக்குமா?”

“கரிக்காமயா? கடல் பக்கத்துலல்லா கெடக்கு. பழகுன நாக்குக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்.”

மாணவி என்னைப் பார்க்கவில்லை. முதல் கூடுகளை அவளே உப்பில்லாத வடிநீரில் பலமுறை அலசியிருந்தாள். பிறகு அவை வீட்டிலிருந்தே இவ்வளவு சுத்தமாக வரவும், அதை விட்டுவிட்டாள். அம்மா போனபின் ஒரு கூட்டை வடிநீரில் ஊறவைத்து, அந்த நீரில் வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு விட்டோம். உப்பு இருப்பதைக் காட்டி நீர் பால்போல் வெளுத்தது. நாரில் தங்கிய உப்பின் சோடியம் உலைச்சூட்டில் வெண்பொருளுக்குள் புகுந்து அதைச் செயலற்றதாக்கியிருந்தது.

ஆய்வுக்குழுவில் காரணம் கேட்டபோது, “என் கவனக்குறைவு சார். கூடுகளைச் சரியா அலசல,” என்றாள். நான் வாயெடுத்தேன், மேசைக்கடியில் என் கையைப் பற்றி அழுத்தினாள். ஆய்வாளருக்குக் கவனக்குறைவு ஆகாது என்று கடிந்துரைத்துவிட்டு, அவகாசம் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“என்ன சொன்னாவ?”

“நேரம் குடுத்திருக்காவம்மா.”

“மாதா காப்பாத்திட்டா. இன்னொரு மூட்ட அலசி வச்சிருக்கேன். முன்னவிட நல்லா ஊறவச்சேன்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

“கொண்டாம்மா,” என்றாள்.