சிட்டுவின் பலகையில் வேறொரு குரல்

அவசரக்குடுக்கை என்பது அவருடைய அக்கா வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது; நாளாக ஆக முன்பாதி உதிர்ந்து, ‘குடுக்கை’ மட்டும் மிஞ்சியது. மனுஷனிடம் நிதானம் மருந்துக்கும் கிடையாது. சட்டைப் பொத்தானை மாடிப்படி இறங்கிக்கொண்டே போடுவார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும்.

பேச்சு வராத குழந்தைகள் படிக்கும் பள்ளி அது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் உட்கார்ந்து, அவர்களுக்காகப் பேசும் பலகை ஒன்றைக் கணினியில் எழுதியிருந்தார் குடுக்கை. கையடக்கத் திரையில் படங்கள் இருக்கும். படத்தைத் தொட்டால் குரல் வரும். அதுவும் இயந்திரக் குரல் இல்லை, அந்தந்தக் குழந்தையின் வீட்டார் குரல். இயந்திரம் பேசினால் குழந்தைகள் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெண் அந்தப் பலகையை மாதக்கணக்கில் சீண்டவே இல்லை. பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமல், அம்மா படத்தின்மேல் விரலை வைத்தாள். “அம்மா, இங்க வா” என்றது பலகை. அவள் அம்மாவே பேசிப் பதிந்த குரல். தையல் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மா அன்று வாசலிலேயே நின்று அழுதாள். அதன்பின் வீட்டில் எந்நேரமும் அதே கூப்பாடுதான். அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாளாம்.

இந்தச் சமயத்தில் புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தது. அதன் அம்மா குரலைப் பதிவுசெய்யக் காத்திருந்தாள். படங்களை முதலிலிருந்து அடுக்க நேரம் ஏது? சிட்டுவின் படப் பட்டியலைக் கணினியில் ஒரே வரி எழுதி நகலெடுத்தார் குடுக்கை. புது அம்மா ஒவ்வொரு படத்துக்கும் பேசினாள். வேலை முடிந்தது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை வகுப்பில், பலகை பள்ளிக் கணினியோடு இணைந்ததும், சிட்டு அம்மா படத்தைத் தொட்டாள். யாரோ ஒருத்தி, “அம்மா, இங்க வா” என்றாள்.

குழந்தை பலகையைக் கீழே போட்டது. மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

“சார், இது யாரு குரல்?” என்று வகுப்பு டீச்சர் கேட்டபோதே குடுக்கைக்குப் புரிந்துவிட்டது. பட்டியல் என்னவோ புதிதுதான். ஆனால் அதற்குள் இருந்தவை புதியவை அல்ல. சிட்டுவின் படங்களும் குரல்களும் இருக்கும் இடத்துக்கு வழி மட்டுமே அதில் இருந்தது. புது வாசல் வைத்துவிட்டு உள்ளே பழைய அறைகளுக்கே ஆளை அனுப்பிய கதை. புது அம்மா பேசப் பேச, சிட்டுவின் அறையில் அவள் அம்மாவின் குரல் அழிந்துகொண்டே வந்திருக்கிறது. மேலோட்டமான நகல் என்பார்கள் இதை. உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகலெடுத்திருக்க வேண்டும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. இவரே எத்தனையோ பேரை இதற்காகக் கிண்டலடித்திருக்கிறார். பாவி மனுஷன், தலையில் அடித்துக்கொண்டார்.

நிரலைத் திருத்தக் கொஞ்ச நேரம்தான் ஆனது. போன குரல் போனதுதான். சிட்டுவின் அம்மாவை வரவழைத்தார்கள்.

“என் தப்பும்மா. அவசரத்துல பண்ணிட்டேன்” என்றார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

“திரும்பப் பேசிக் குடுத்துடறேன் சார். அதுல என்ன இருக்கு?” என்றவள், “ஆனா அவ இனிமே தொடுவாளா?” என்று கேட்டாள்.

குடுக்கை மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுபடி எல்லாம் பதிவானது. குடுக்கை பலகையை மேசைக்கு அடியில் நீட்டினார். சிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“சார், கொஞ்சம் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க” என்றாள் டீச்சர். உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. இந்தக் குழந்தை இனி யாரையுமே கூப்பிடாமல் போய்விட்டால், அதற்குக் காரணம் அவர்தானே.

அம்மா குனிந்து, மேசைக்கு அடியில் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பலகையை இருவருக்கும் நடுவில் வைத்தாள். தொடு என்று சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு விரல் நீண்டது.

“அம்மா, இங்க வா.”

அது அம்மாவின் குரலேதான். ஆனால் சிட்டு நம்பவில்லை. அம்மாவின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். அப்படியே மறு கையால் திரும்பவும் தொட்டாள். வாய் மூடியிருக்க, பலகையிலிருந்து அதே குரல் வந்தது. குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தது, பலகையைப் பார்த்தது. பொத்திய கையை எடுக்கவே இல்லை. திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் அந்தக் கைக்குள்ளிருந்து அம்மா, “ம்… ம்…” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.