ஜாக்குலின் தட்டிப் பார்க்கிறாள்

பஸ்ஸில் ஏறியதும் ஜாக்குலின் உட்கார்ந்துவிட மாட்டாள். கைப்பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, குனிந்து, இருக்கையின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தட்டுவாள். ணங், ணங், ணங் என்று வந்தால் சரி. நான்காவது கால் 'டொப்' என்றால் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த பஸ்ஸில் அவளுக்குத் தேறியது ஒரே ஒரு இருக்கைதான், இடப்பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலோரம். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அவள் சண்டைக்குப் போவதில்லை. நின்றுகொண்டே வருவாள். பார்க்கச் சகிக்காமல் அவர்களே எழுந்துவிடுவார்கள்.

வயது நாற்பத்திரண்டு. அம்மாவும் அப்பாவும் செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் மணிலாக்கொட்டை பிடுங்கியவர்கள். இவள் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, கார் இருக்கைகளுக்கு இரும்புக் கூடு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, ஆறு வருடம் பற்றவைத்து, பிறகு மற்றவர்கள் பற்றவைத்ததைச் சரிபார்க்கும் வேலைக்கு உயர்ந்தவள். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு கூடுகள் அவள் கையைத் தாண்டிப் போகும். நல்ல வெல்டுக்குப் பச்சை மார்க்கரில் ஒரு புள்ளி. கெட்டதற்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அங்கே ஒரு கறாரான விதி உண்டு: பற்றவைத்தவர் கையில் பச்சை மார்க்கர் போகக் கூடாது. தன் வேலைக்குத் தானே புள்ளி வைத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஜாக்குலினுக்கு அந்த விதி ஞானோபதேசம் மாதிரி.

'ரிஜெக்ட்டு' என்ற சொல் அவள் வாயில் சதா உருண்டுகொண்டிருக்கும். தக்காளிக்கும் அதுதான், அக்கா மகளுக்கு வந்த வரனுக்கும் அதுதான். போன கோடையில் மாமல்லபுரத்துப் பொருட்காட்சியில் ராட்டினத்துத் தொட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்தவள், காதை உயர்த்தி, "இது ரிஜெக்ட்டு. அல்லாரும் எறங்குங்கோ" என்று சத்தம் போட்டாள். ராட்டினக்காரர், "உன்ன யாருமா கேட்டா?" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. டிக்கெட் வாங்கி ஆசையாக நின்ற அவள் கணவன் ஜெரோம், பாப்கார்ன் பொட்டலத்தோடு வேறு யாரோ போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெரோம் அணுபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். "பதினேழு வர்சம். ஸ்பீடு நாப்பதத் தாண்டல. தாண்டவும் வுடாது, உள்ள மிஷினு வெச்சிகீறான்" என்பான். அப்படிப்பட்ட மனிதனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: காரைப் பக்கவாட்டில் ஓட்ட வேண்டும். வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்பக்கம் ஒரு திசையும் பின்பக்கம் ஒரு திசையுமாக, புகை பறக்கத் திரும்புவது. டிரிஃப்ட் என்கிறார்கள். செல்போனில் அதையே பார்த்துப் பார்த்து, சோற்றுத் தட்டைக்கூட ஒருநாள் அப்படித் திருப்பிக் காட்டினான். ஜாக்குலின் சிரித்தாள். மறு மாதமே செய்யூரில் ஒரு சவுக்குத் தோப்புக்காரர் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த முப்பது வருடத்துக் கான்டசா கார் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்குப் பேசி முடித்தவளும் அவள்தான். அவனுக்கு ஓட்டத் தெரியும், இவளுக்குச் செய்யத் தெரியும். செலவழிக்கத்தான் இருவரிடமும் ஒன்றுமில்லை.

அதனால் அந்தக் காரில் வீடே போய்ச் சேர்ந்தது. உப்புக்காற்று தின்ற அடித்தளத்துக்கும் பக்கத் தகடுகளுக்கும், கல்யாணச் சீராக வந்த பச்சைப் பீரோவின் கதவை வெட்டி ஒட்டுப் போட்டாள். சாவித்துவாரம் இன்னும் ஓட்டுநரின் காலடியில் இருக்கிறது, அதன் வழியே ரோடு தெரியும். பின்சக்கரங்களைச் சட்டென்று பூட்டும் கைபிரேக்குக்குப் பழைய அடிபம்பின் கைப்பிடி. இருக்கைகள் இரண்டும் உடைத்த பஸ் ஒன்றிலிருந்து, தட்டிப் பார்த்து எடுத்தவை. டயருக்குப் பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் கடை வைத்திருக்கும் ஜெயினுலாபுதீன் பாயிடம் போனாள். வழுக்கத்தானே போகிறது, தேய்ந்ததே போதும். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊர்ல அல்லாரும் நல்ல டயரு கேப்பாங்க. நீ ஒருத்திதாம்மா மொட்ட டயரா பொறுக்கிகினு போற."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை, பின் அச்சின் நடுவில் இருக்கும் பெட்டியில் இருந்தது. வளைவில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுற்ற வழிவிடும் சின்னப் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. டிரிஃப்டுக்கு இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். வசதி உள்ளவர்கள் அதற்கென்றே ஒரு சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். இல்லாதவர்கள் அந்தப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஜாக்குலின் பற்றவைத்தாள். பார்க்க அழகான வெல்டு, மீன் செதில் அடுக்கினாற்போல. அது விட்டுப்போனால் மட்டும், உடைந்த துண்டு பற்களுக்கிடையில் விழுந்து, ஓடுகிற வேகத்தில் சக்கரம் இறுகிப்போகும். வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல்முறை டிரிஃப்ட் செய்ய வருபவர்களுக்கென்று ஒரு தனியார் பந்தயத் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காருக்கடியில் படுத்திருந்தவளிடம் ஜெரோம் சும்மாதான் கேட்டான்.

"வெல்டு நல்லாகீதா ஜாக்கு?"

"சூப்பராகீது."

"அப்போ நீயும் வா. பக்கத்து சீட்டு சும்மாத்தான கீது. குந்துறியா?"

அவள் இறுக்கிய போல்ட்டையே மறுபடி இறுக்கிக்கொண்டு, "எனக்கு வாந்தி வரும்யா" என்றாள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு வாந்தியாவது ஒன்றாவது! அது ஜெரோமுக்கும் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் காருக்கடியிலேயே கிடந்தாள்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பாள், வந்ததும் ஒரு தடவை. வெல்டின் மேல் டீசலைத் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுவாள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து வெள்ளைத் தூளில் கோடு காட்டும். ஒரு கோடு தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. கம்பி பிரஷ் பட்ட கீறலாக இருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி தூவினாள். இப்படிப் பதினோரு தடவை. தொழிற்சாலையில் என்றால், இரண்டாம் தடவை பார்க்க வைக்கிற வெல்டுக்கே கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் போட்டிருப்பாள். இங்கே அவள் கண்ணை அவளாலேயே நம்ப முடியவில்லை. அந்த ஆத்திரத்தை ஆலையில் காட்டினாள். நல்ல கூடுகளையெல்லாம் கழித்துத் தள்ளினாள். சோறு இறங்கவில்லை. ஜெரோம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்தால் மறுபடி காருக்கடியில் புகுந்துகொள்வாள். போக வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பதினேழு வருடம் நாற்பதைத் தாண்டாத மனிதன்!

கடைசியில் அவள் போய் நின்றது சின்னராசுவிடம். ஆலையிலேயே மூத்த வெல்டர், ஐம்பது தாண்டியவர். ஐந்து வருடமாக அவருடைய வெல்டுகளுக்கு அதிகமாகச் சிவப்புப் போட்ட கை அவளுடையதுதான். வீம்புக்கு அவளை 'மேடம்' என்றே கூப்பிடுவார்.

"அண்ணாத்த, ஒரு வெல்டு பாத்துச் சொல்லணும்."

"யாரு வெல்டு மேடம்?"

"என்னுது."

சின்னராசு டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அட்ரஸ் சொல்லுங்க மேடம், இப்பவே வர்றேன்" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கேன்டீனே பார்த்தது.

டிரிஃப்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாரி, பவுடர் பூசி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். காருக்கடியில் போனதும் ஆள் மாறிவிட்டார். டீசல் தடவினார், பொறுத்தார், துடைத்தார், தூளைத் தூவினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தலைமுடி கனத்தில் ஒரு கோடு, வெல்டின் ஓரமாக மெல்ல ஊறிக்கொண்டு வந்தது.

அவர் கேலி செய்யவில்லை. "எதுல ஆற வெச்சே?" என்று மட்டும் கேட்டார்.

"மணல்ல. நம்ம ஆலையில வெக்கிற மாதிரிதான்."

"எந்த மணலு?"

வீட்டுக்குப் பின்னால் காட்டினாள். சின்னராசு போய், குழிபறித்த இடத்தில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துவந்து அவள் முன் விரித்தார். கொழுக்கட்டை பிடிக்கலாம் போல இருந்தது. "மேலதாம்மா காஞ்சிகீது. ஒரு ஜாண் கீழ ஈரம். சமுத்தரம் ரெண்டு தெரு தள்ளிதான கீது?"

சிவக்கச் சுட்ட இரும்பு மெல்ல ஆற வேண்டும். ஈரத்தில் புதைத்தால் வெடுக்கென்று குளிர்ந்து விரிசல் விடும். ஆலையில் பீப்பாயில் கிடப்பது வறுத்த மணல். பதினெட்டு வருடமாகக் கடலோரத்தில் குடித்தனம் செய்கிறவள், ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும் என்று தெரிந்தவள், வாசலில் கிடப்பதும் மணல்தானே என்று புதைத்திருக்கிறாள்.

"செவப்பு எட்துகினு வா" என்றார் சின்னராசு. பெருக்கல் குறியைச் சின்னதாக, ஓரமாகப் போட்டார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவர் 'மேடம்' என்று சொல்லவில்லை என்பதை ஜாக்குலின் கவனிக்கவேயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. ஜெரோம் உள்ளேயிருந்து ஓடிவந்து, காருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவனும் கலங்கிப்போனான்.

இரண்டு சாயங்காலம் அந்த வெல்டைத் தேய்த்தே எடுத்தாள். நல்லவேளை, விரிசல் பல்லுக்குள் இறங்கியிருக்கவில்லை. சவுக்குக்கரி அடுப்பில் சூடேற்றி, மறுபடி பற்றவைத்து, திருக்கழுக்குன்றத்து அரிசி ஆலையிலிருந்து மூட்டையில் கொண்டுவந்த காய்ந்த உமிச்சாம்பலில் புதைத்தாள். மறுநாள் மத்தியானம் வரை அதைத் திறக்கவில்லை, பக்கத்தில் போனால் திறந்துவிடுவோமோ என்று பயந்து கொல்லைப்பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து சின்னராசு நேராக வந்தார். மூன்று தடவை தூவிப் பார்த்தார். தூள் வெள்ளையாகவே இருந்தது. ஜாக்குலின் பச்சை மார்க்கரை நீட்டினாள்.

"நானா?"

"ரூல்ஸ் அதான அண்ணாத்த."

முப்பது வருடம் பற்றவைத்தவர், அன்றுதான் முதன்முதலாகப் பச்சை மார்க்கரைக் கையில் வாங்கினார். மூடியைக் கழற்றினார். வைக்கப் போனார், வைக்கவில்லை. வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஜெரோமை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நீ எப்டிமா தெனம் நானூறு தபா இத்த வெக்கிற?"

"அதுல யாரு குந்தப்போறாங்கன்னு தெரியாதுல்ல. அதான் வெக்க முடியுது."

சின்னராசு நான்காவது தடவையாகத் தூவிப் பார்த்துவிட்டுத்தான் புள்ளியை வைத்தார்.

டிரிஃப்ட் நாளான ஞாயிற்றுக்கிழமை காரை டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பரந்த தார்த்தளம். நடுவில் ரப்பர் கூம்புகள். பளபளவென்ற கார்கள் வரிசையில் நிற்க, பீரோ பச்சையில் ஒட்டுப் போட்ட கான்டசா கடைசியில் நின்றது. அமைப்பாளர் ஒருவர் பெயரைச் சரிபார்த்துக்கொண்டே, "கூட யாராச்சும் ஏறுறாங்களா? ஹெல்மெட் கீது" என்றார்.

"இல்ல சார், நான் மட்டும்தான்" என்றான் ஜெரோம். மனைவி பக்கம் பார்க்காமல் சொன்னான். அடிபம்புக் கைப்பிடியைப் பிடித்திருந்த கை முழுக்க வேர்வை.

ஜாக்குலின் கம்பித் தடுப்புக்கு இப்பால் சின்னராசுவோடு நின்றிருந்தாள். புள்ளி வைத்தாகிவிட்டது, விதிப்படி எல்லாம் நடந்தாகிவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. என்ஜின் உறுமியது. அவள் கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். மறுபடி தட்டப் போகிறாளோ என்று சின்னராசு பதறி, "போதும்மா" என்றார். அவள் அதை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போனாள்.

ஜெரோம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஓட்றதப் பாருய்யா" என்றாள் அவள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்தாள். கை பழக்கதோஷத்தில் இருக்கையின் காலைத் தேடிப் போயிற்று. பாதியில் நின்றது. பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.