சுயுஞ்சு சொன்னவன்

என் ஓரகத்தி புருலுக்கு வாரிக் கொடுக்கிற கை. எங்கள் மலையூர் நாரினில் நல்ல சேதி கொண்டு வருகிறவர் முதலில் "சுயுஞ்சு!" என்று கத்துவார். கேட்டவர் சேதி என்னவென்று கேட்பதற்கு முன்பே "தந்தேன்!" என்று சொல்லிவிட வேண்டும். பரிசு அப்புறம். இப்படித் "தந்தேன்" சொல்லியே ஒரு தபால்காரருக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்.

ஆட்டுரோமச் செருப்பு செய்து போனில் விற்கிறோம். எட்டு வருஷமாக அவள் இணையத்தில் கட்டி வளர்த்த கடைப் பக்கம் அது. சரக்கு கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் காசு வாங்குவாள். அதனாலேயே அவள் பேருக்கு அத்தனை மதிப்பு.

அன்று காலை இருவரும் ரோமத்தை வெந்நீரும் சோப்பும் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தோம். போன் அடித்தது.

"சுயுஞ்சு, அக்கா!"

"தந்தேன்டா தம்பி! என்ன சேதி?"

"இந்த வருஷ விருது உங்க கடைக்குத்தான். இப்ப போன்ல ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும். அதச் சொல்லுங்க, அதான் எனக்குப் பரிசு."

அவள் கை முழுக்க நுரை. "நீ படிடி" என்றாள். படித்தது நான்தான். என் வாயில் கொள்ளி வைக்க!

பத்தே நிமிஷம். பக்கம் அவன் கைக்குப் போய்விட்டது, எங்களால் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதில் புருலின் படம் சிரிக்கிறது, "பாதி விலை, பணம் முதலில் அனுப்பவும்" என்கிறது. வாடிக்கையாளர் எண்களை எழுதிவைத்த பழைய நோட்டை எடுத்து ஆளுக்கொரு போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். நாங்கள் ஒருத்தரை எச்சரிப்பதற்குள் அந்த நாசமாய்ப் போனவன் வேறொருத்தரைக் கறந்துவிடுவானோ என்று அடுத்தடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தோம்.

"நீங்கதான் புருல்னு நான் எப்படி நம்புறது?" என்றாள் தலாஸ் ஊர் வாடிக்கைக்காரி ஒருத்தி.

"உன் புருஷனுக்கு இடது கால் பெருசு. ஒரு ஜோடிய ரெண்டு அளவுல செஞ்சு கொடுத்தேனே, மறந்துட்டியா?"

"ஐயையோ அக்கா! இப்பத்தான் பணம் அனுப்பப் போனேன்!"

வாடிக்கையாளர்கள் எல்லாரும் சேர்ந்து புகார் கொடுத்ததில் மூன்றாம் நாள் பக்கம் திரும்பி வந்தது. அதற்குள் பதினொரு பேர் ஏமாந்திருந்தார்கள். யாரும் கேட்காமலே அவர்களுக்குப் பதினொரு ஜோடி செய்ய உட்கார்ந்தாள் புருல்.

ஐந்தாவது ஜோடியைப் பிசையும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சுயுஞ்சு! சுயுஞ்சு!"

"யாருடா நீ? இன்னும் என்ன நம்பர்டா வேணும் உனக்கு?" என்று கத்தி அழைப்பைத் துண்டித்தாள் புருல்.

மறுபடி அடித்தது. நான் எடுத்தேன்.

"சித்தி, நான் எர்மெக். இங்க கசான் ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ் போன்லேர்ந்து பேசுறேன். எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா! அம்மா ஏன் சித்தி என்னைத் திட்டுறாங்க?"

போனை அவள் காதில் வைத்தேன்.

"உன் முதுகு மச்சம் எந்தப் பக்கம்டா?" என்றாள், பெற்ற பிள்ளையிடம்.

"இடது பக்கம்மா" என்று அவன் சொன்ன பிறகுதான் "தந்தேன்" என்றாள்.